யானையின் தும்பிக்கை ஏன் தொய்ந்தது?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு இணையத்தில் ஒரு தோல் டைரி வாங்கினேன். அட்டையில் யானை முகம் புடைத்து நிற்கும். கண்மடிப்பு, நெற்றி மேடு எல்லாம் அவ்வளவு அழகு. விலை 2,400 ரூபாய். மூன்றே மாதத்தில் தும்பிக்கை தொய்ந்து, நெற்றி அமுங்கிவிட்டது. விற்றவரோ 'ஜெனுயின் லெதர்தான்' என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? (ஈரோடு வாசகி)

பதில்: தோல் அசலாகவே இருக்கலாம். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரை, அது விலங்குத் தோல் என்று மட்டும்தான் சொல்கிறது. எப்படிப் பதனிட்ட தோல் என்று சொல்வதில்லை. புடைப்பு வேலைக்கு அதுதான் உயிர்.

ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்கில் பதனிட்ட தோலைத் தண்ணீரில் ஊறவைத்தால் பிசைந்த மாவு மாதிரி இளகும். அச்சின் மேல் போர்த்தி விரலால் அழுத்தி, அப்படியே காயவிட்டால் அந்த வடிவம் நின்றுவிடும். இதற்கு நீங்கள் எங்கேயும் தேடிப் போக வேண்டாம். உங்கள் ஈரோடும் திண்டுக்கல்லும் திருச்சியும் இந்த வகைத் தோலுக்குப் பேர்போன ஊர்கள். 'ஈ.ஐ. லெதர்' (ஈஸ்ட் இந்தியா லெதர்) என்ற பெயரில் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது.

குரோமிய உப்பில் பதனிட்ட தோல் வேறு குணம். பஞ்சு போல மெத்தென்று இருக்கும். கைப்பை, ஜாக்கெட், ஷூ மேல்தோல் என்றால் பிரமாதம். ஆனால் எவ்வளவு நனைத்து அழுத்தினாலும் காய்ந்ததும் பழையபடி படுத்துக்கொள்ளப் பார்க்கும். ஷூவின் மூக்கு நிமிர்ந்து நிற்பதுகூட உள்ளே ஒரு விறைப்புத் துண்டு வைத்துத் தைப்பதால்தான். எனவே மெல்லிய தோலில் சிற்பம் செய்பவர்கள் முதலில் தக்கையிலோ அட்டையிலோ உருவத்தைச் செதுக்கி, அதன் மேல் பசை தடவித் தோலைப் போர்த்துவார்கள். அதுவும் நேர்மையான வேலைதான். உள்ளே இருப்பது கெட்டியாக இருந்தால் வருடக்கணக்கில் நிற்கும்.

உங்கள் டைரியில் என்ன நடந்திருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். தும்பிக்கையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். மெதுவாக எழுந்து வந்தால் உள்ளே ஸ்பாஞ்ச். வெறும் குழியாக விழுந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அப்புறம், அட்டையின் வெட்டிய ஓரத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்துக்குச் சாயம் பூசாமல் இருந்தால், நடுவில் நீலம் கலந்த சாம்பல் கோடு தெரிகிறதா? அது குரோம் தோல். முழுக்கப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் துவர்ப்புத் தோல்.

பழுப்பாக இருந்து, பின்பக்கமும் திறந்திருந்தால் சரிசெய்ய வழி உண்டு. பின்னாலிருந்து ஈரப் பஞ்சால் ஒற்றி, தோல் இளகியதும் கரண்டியின் முதுகால் உள்ளிருந்து தள்ளி, பள்ளத்தில் பஞ்சை அடைத்து இரண்டு நாள் நிழலில் காயவையுங்கள். குரோம் தோல் என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஈரக்கறை மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்த முறை பணம் கட்டுமுன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: 'புடைப்புக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்?' கையால் செய்தவர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்.

கேள்வி: 'கைவேலைப் பொருள், திரும்ப எடுப்பதில்லை' என்று கடைக்காரர் இணையத்தில் போட்டிருக்கிறார். விளம்பரத்தில் தோல் உறை என்றார், எனக்கு வந்ததோ ரெக்சின் உறை. ஒன்றும் செய்ய முடியாதா? (மதுரை வாசகர்)

பதில்: தாராளமாக முடியும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. கைவேலை என்பதற்காக விலக்கு எதுவும் கிடையாது. விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், நாளைக்கு வாசகத்தை மாற்றிவிடுவார்கள். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும்.

கேள்வி: நானே செய்து பார்க்க ஆசை. பெரியமேட்டில் தோல் வாங்கப் போகிறேன். என்ன கேட்டு வாங்க வேண்டும்? (சென்னை வாசகி)

பதில்: 'வெஜ் டேன், ஃபினிஷ் போடாதது' என்று கேளுங்கள், அதாவது மேற்பூச்சு இல்லாத துவர்ப்புத் தோல். சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். முகம், பூ மாதிரி நுணுக்கமான வேலைக்கு ஒரு மில்லிமீட்டர் கனம் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உடனே கறுத்து உறிஞ்சினால் எடுத்துக்கொள்ளலாம், முத்தாக உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. கொதிநீரில் நனைக்காதீர்கள், தோல் சுருங்கி விறைத்துவிடும். அச்சில் பொருத்த இரும்பு ஆணியும் வேண்டாம். ஈரத்தில் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்புக் கரைசலும் சேர்ந்து வருகிற அதே கறுப்புதான், பிடித்தால் போகாது. பித்தளை ஆணி வாங்கிக்கொள்ளுங்கள்.