மூஞ்சிக்குள்ளே என்ன இருக்கு? வாசகர் கேள்வி – பதில்

முகத்தைப் பற்றி எழுதியனுப்பச் சொல்லியிருந்தோம். வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் ஆறு இங்கே. முகத்தாடை அறுவை மருத்துவர் ஒருவரும், படத்துக்கான கேள்விக்கு மட்டும் ஓவிய ஆசிரியர் ஒருவரும் பதில் தந்திருக்கிறார்கள்.

கே: அம்மாவுக்கு 52 வயது, சர்க்கரை உண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது வலது கடைவாயில் ஒழுகுகிறது, வாய் இடது பக்கம் கோணிக்கொண்டது. "காத்து அடிச்சிடுச்சு" என்கிறார்கள். இது பக்கவாதமா?
– ஒரு மகள், தண்டையார்பேட்டை

ப: முதலில் நெற்றியைப் பாருங்கள். அம்மாவை எதிரில் உட்காரவைத்து இரண்டு புருவத்தையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். வலப்பக்க நெற்றியில் சுருக்கமே விழவில்லை, வலது கண்ணையும் முழுதாக மூட முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் முகவாதம் (மருத்துவர்கள் பெல்ஸ் பால்சி என்பார்கள்). நெற்றி இருபுறமும் நன்றாகச் சுருங்குகிறது, வாய் மட்டும் தொங்குகிறது என்றால் கோளாறு மூளையில். உடனே 108.

நெற்றிக்கு ஏன் இந்தச் சலுகை? நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பாதியில் ரத்தம் அடைத்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். வாயோரத்துக்கு அந்த வசதி கிடையாது. எதிர்ப்பக்க மூளையையே நம்பியிருக்கிறது. முகவாதத்தில் மூளை நன்றாக இருக்கிறது, அங்கிருந்து வந்து முகத் தசைகளை அசைக்கும் ஏழாம் நரம்புதான் வழியில் முடங்குகிறது. வீட்டுக்கு வரும் கம்பியே அறுந்த பிறகு எந்த ஸ்டேஷனில் கரண்ட் இருந்து என்ன?

இந்தச் சோதனைக்கும் விதிவிலக்கு உண்டு. மூளைத்தண்டில் வரும் அடைப்பு நெற்றியையும் சேர்த்து இழுத்துவிடலாம். ஆகவே கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிவது, தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் நெற்றியை ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் இருக்கிறது.

ஏழாம் நரம்பு காதின் பின்னாலுள்ள எலும்பில் ஒரு குறுகலான குழாய் வழியாக வருகிறது. அது வீங்கினால் விரிய இடமில்லை, தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. வீக்கத்துக்குக் காரணம் ஹெர்பிஸ் வகை வைரஸ் என்று ஐயப்படுகிறார்கள். ஜன்னல் காற்றின் மேல் பழி போடச் சான்று இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது சற்று அதிகம் வருகிறது. காதுக்குப் பின்னால் வலி, நாக்கின் முன்பக்கம் ருசி தெரியாமை, அந்தப் பக்கக் காதில் சத்தம் அதிகமாகக் கேட்பது எல்லாம் இதே நரம்பின் வேலைதான். காதுக்குள் கொப்புளம் இருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் காட்டுங்கள், வைத்தியம் மாறும்.

72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். அது சர்க்கரையை ஏற்றும் என்பதால் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதைவிட அவசரம் கண். மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வரும். பகலில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, வெளியே போனால் கண்ணாடி. இரவில் கண் களிம்பு போட்டு, மேல் இமையை விரலால் இறக்கி, காகித ஒட்டால் ஒட்டிவிடுங்கள். பஞ்சை நேராகக் கண்மேல் வைத்து ஒட்டுவது தவறு. இமை திறந்தால் பஞ்சு கருவிழியை உராயும். சாப்பிட்டதும் வலக் கன்னத்துக்குள் விரல் விட்டுச் சோற்றை எடுக்கச் சொல்லுங்கள். உணவைப் பல்லுக்குத் தள்ளும் கன்னத்தசையும் இப்போது லீவில் இருக்கிறது. பலூன் ஊதச் சொல்வார்கள். வேண்டாம், தளர்ந்த கன்னம் இன்னும் இழுபடும். பெரும்பாலோருக்கு மூன்று வாரத்தில் அசைவு திரும்பத் தொடங்கும். மூன்று மாதமாகியும் அசைவே இல்லையென்றால் மறுபடி நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கே: பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித்தருகிறேன். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பெயரெடுத்த ஏரியா இது, அடிபடாமல் இருக்குமா? எந்த அடிக்கு ஐஸ் போதும், எதற்கு ஆஸ்பத்திரி?
– ஒரு பயிற்சியாளர், வியாசர்பாடி

ப: மூக்கிலிருந்து வருவோம், அதுதான் முதலில் வாங்குகிறது. மூக்குத்தண்டைத் தொட்டுப் பாருங்கள். மேலே மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு, கீழே எல்லாம் குருத்தெலும்பு. நம்மூரில் சில்லு மூக்கு உடைந்தது என்பது பெரும்பாலும் நடுச்சுவரின் முன்பக்கத்தில் ரத்தக் குழாய்கள் பின்னிக்கிடக்கும் இடம் கிழிவது. பையனைத் தலைகுனிந்து உட்காரவையுங்கள், மூக்கின் மெத்தென்ற கீழ்ப்பகுதியை இரு விரலால் இறுக்கிப் பிடித்து 10 முதல் 15 நிமிடம் விடாமல் வைத்திருங்கள். தலையை அண்ணாந்து பிடிப்பது, மேலே எலும்பைப் பிடிப்பது, ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் விட்டுப் பார்ப்பது: இந்த மூன்று தப்பும் எல்லாக் களத்திலும் நடக்கிறது.

ரத்தம் நின்ற பிறகு டார்ச் அடித்து இரண்டு நாசிக்குள்ளும் பாருங்கள். நடுச்சுவர் கருஞ்சிவப்பாகப் புடைத்து, மூக்கு அடைத்து, வலி கூடிக்கொண்டே போனால் அன்றே போக வேண்டும். குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்திய சவ்விலிருந்துதான் ஊட்டம். இடையில் ரத்தம் கட்டினால் சவ்வு பிரிந்து, சில நாட்களில் குருத்தெலும்பு செத்துப்போகும். மூக்கு நடுவில் குழிந்த பழைய வீரர்களைப் பார்த்திருப்பீர்கள். வெறும் எலும்பு கோணலுக்கு இவ்வளவு அவசரமில்லை. வீக்கம் வடிந்ததும் இரண்டு வாரத்துக்குள் நேராக்கினால் போதும். ஆனால் மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டினால் அது சளியல்ல, மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். பஞ்சு அடைக்காமல் அழைத்துப்போங்கள்.

கண்ணில் குத்து விழுந்து இமை ஊதிக் கறுப்பது பார்க்கத்தான் பயங்கரம். இமைத்தோல் மெல்லியது, அடியில் தளர்வு, ரத்தம் எளிதில் பரவுகிறது. பயப்பட வேண்டியது கண்குழியின் தரைக்கு. அது ஒரு மில்லிமீட்டர்கூட கனமில்லாத தகடு, அடி விழுந்தால் கீழே இடியும். கண்ணுக்குக் கீழே கன்னமும் மேலுதடும் மரத்துப்போவது, மேலே பார்த்தால் இரட்டையாகத் தெரிவது அடையாளங்கள். இவை இருந்தால் ஆஸ்பத்திரி. அதுவரை மூக்கைச் சிந்தக்கூடாது, காற்று கண்குழிக்குள் ஏறும். சின்னப் பையன்களிடம் இன்னும் கவனம் தேவை. அவர்கள் எலும்பு வளைந்து திறந்து மறுபடி மூடிக்கொள்ளும், நடுவில் கண் தசை மாட்டும். வெளியே வீக்கமே இருக்காது. மேலே பார்த்தால் வலிக்கும், வாந்தி வரும். "நடிக்கிறான்" என்று உட்காரவைத்துவிடாதீர்கள்.

மோவாக்கட்டையில் குத்தினால் காதுக்கு முன்னால் ஏன் வலிக்கிறது என்று பையன்கள் கேட்பார்கள். கீழ்த்தாடை லாடம் மாதிரி வளைந்த ஒரே எலும்பு. நடுவில் வாங்கும் அடி, முனையிலுள்ள மெல்லிய கழுத்துக்குப் போய்ச் சேரும். அதனால் ஓரிடத்தில் உடைந்தால் இன்னோரிடத்தையும் தேடுவோம். பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். "முன்ன மாதிரி சேரலை" என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள்.

பல் முழுதாக விழுந்தால் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் பத்து விநாடி அலசி, வந்த குழியிலேயே சொருகித் துணியைக் கடிக்கவையுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு அரை மணிக்குள் பல் மருத்துவரிடம். பால் பற்களைச் சொருகக்கூடாது. தலைக்கவசம் போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள், அது கிழிசலைக் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

கே: கண்ணீர் அஞ்சலி படங்கள் கையால் வரைகிறேன். கண்ணும் மூக்கும் தனித்தனியாகச் சரியாக இருக்கிறது, சேர்த்துப் பார்த்தால் "எங்க அப்பா மாதிரி இல்லையே" என்கிறார்கள்.
– ஓவியர், காசிமேடு

ப: அனுப்பிய மூன்று படத்திலும் கண் மேலே ஏறியிருக்கிறது. கண் இருப்பது தலை உச்சிக்கும் முகவாய்க்கும் சரிபாதியில். நெற்றியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் கை அதைச் சுருக்கிவிடுகிறது. நேர்முகத்தில் அகலம் ஏறக்குறைய ஐந்து கண், இரு கண்ணுக்கு நடுவே ஒரு கண். காது, புருவத்திலிருந்து மூக்கடி வரை. நம் சிற்பிகளின் நவதாள அளவில் (உயரம் முகத்தைப்போல ஒன்பது மடங்கு) மொத்த உயரம் 108 அங்குலம் (இன்ச் அல்ல, முகத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு), அதில் முகம் 12: முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை 4, மூக்கடி வரை 4, முகவாய் வரை 4. இது தொடக்கக் கோடுதான். ஒருவர் "மாதிரி" வருவது அவர் இந்த அளவிலிருந்து எங்கே விலகுகிறார் என்பதில். அதைப் போட்டோவில் காம்பஸ் வைத்து அளந்து, கொஞ்சம்கூட அழகுபடுத்தாமல் போடுங்கள்.

இன்னொன்று சிரிப்பு. நீங்கள் உதட்டை மட்டும் மேலே வளைக்கிறீர்கள். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-லேயே எழுதிவைத்தது: மனமாரச் சிரிக்கும்போது கன்ன எலும்பிலிருந்து வரும் தசை கடைவாயை இழுப்பதோடு, கண்ணைச் சுற்றிய வளையத்தசையும் சுருங்கும். கீழ் இமை லேசாக உப்பி, கண் சற்றுச் சிறுக்க வேண்டும். பல் போன பெரியவர்களுக்குத் தாடை எலும்பின் உயரமே கரைந்து மூக்கும் முகவாயும் நெருங்கிவிடும். அங்கே 4 அங்குலம் வைத்தால் படம் அவருடைய மகன் மாதிரி இருக்கும்.

கே: மூக்கோரத்தில் பருவைக் கிள்ளினால் மூளைக்குப் போகும் என்கிறாள் அத்தை. நிஜமா?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

ப: அத்தை சொல்வது அபூர்வம், ஆனால் பொய்யில்லை. மூக்குமேட்டிலிருந்து இரண்டு கடைவாய் வரை ஒரு முக்கோணம். அங்குள்ள சிரைகள் கண்குழி வழியாக மூளைக்கு அடியில் சிரை ரத்தம் வந்து சேரும் இடத்தோடு தொடர்புள்ளவை. கிள்ளினால் சீழ் வெளியே வருவதுபோலவே உள்ளேயும் தள்ளப்படும். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாளைக்கு மூன்று முறை பத்து நிமிடம் ஒற்றுங்கள், தானாக உடையட்டும். காய்ச்சல், கடுந்தலைவலி, இமை வீக்கம், கண் பிதுங்கல் வந்தால் அன்றிரவே அவசரப் பிரிவு.

கே: கொட்டாவி விட்டபோது வாய் திறந்தபடியே மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நொடியில் சரிசெய்தார்கள். மறுபடி வராமல் இருக்க?
– எண்ணூர் வாசகர்

ப: காதுக்கு முன்னால் விரலை வைத்து மெல்ல வாயைத் திறங்கள். ஒரு குமிழ் முன்னால் நழுவுவது தெரியும். அது ஒரு சின்ன மேட்டின் விளிம்புவரை போய்த் திரும்ப வேண்டும். மேட்டைத் தாண்டினால் தசை இறுகி முன்பக்கமே பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மருத்துவர் கடைவாய்ப் பற்களில் கட்டைவிரல் வைத்து முதலில் கீழே, பிறகு பின்னால் தள்ளினார். இரண்டு மூன்று வாரம் இட்லி, குழைந்த சாதம். ஆப்பிளைக் கடிக்க வேண்டாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே கை முஷ்டியைக் கொடுங்கள். மறுபடி மாட்டினால் வீட்டில் யாரையும் அறைந்து சரிசெய்ய விடாதீர்கள்.

கே: கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் தொண்டையில் ஏன் கசக்கிறது?
– கொருக்குப்பேட்டை வாசகி

ப: கீழ் இமையை மூக்குப் பக்கமாகச் சற்று விலக்கிக் கண்ணாடியில் பாருங்கள், ஊசி முனையளவு ஒரு துளை தெரியும். கண்ணீர் அது வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவதும் அதனால்தான். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்துங்கள். கசப்பும் குறையும், மருந்தும் கண்ணிலேயே நிற்கும்.