மனச்சோர்வுக்கு மூளை அழற்சிதான் காரணமாமே, உண்மையா?

எல்லோருக்கும் இல்லை. சிலருக்கு அழற்சியும் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளம்பி வீக்கம், சூடு, வலி உண்டாக்குவது) ஒரு காரணமாக இருக்கலாம். மஞ்சள் பால் குடித்தால் அழற்சி தணிந்து மனச்சோர்வு போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. முக்கூடல் பக்கம் பீடி சுற்றியே எங்களைப் படிக்க வைத்த ஒரு அம்மாவின் மகன், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகளில் அழற்சி வரும் நோய். காலையில் விரல் மடங்காது. அளவுத் தகரத்தைப் பீடி இலைமேல் வைத்து, கத்தரியை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். வலியைவிட எங்களைப் பயமுறுத்தியது அவள் பேச்சு நின்றுபோனதுதான். கேட்டால், "ஒரே சடவா இருக்குல, என்னைய விட்டுரு" என்பாள் (சடவு என்றால் எங்கள் பக்கம் அசதி). அத்தையோ தெரு முழுக்க, "மைனிக்கு மடி பிடிச்சிட்டு", அதாவது சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

பாளையங்கோட்டை மூட்டு டாக்டர் ரத்தத்தில் சிஆர்பி (அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்) பார்த்தார்; எக்கச்சக்கம். உடம்பில் அழற்சி இருந்தால் சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற வேதிப்பொருட்கள் மூளையையும் எட்டுமாம். காய்ச்சலில் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் சுருண்டு கிடப்போமே, அது மாசக்கணக்கில் நீடித்தால் எப்படி, அப்படி என்றார். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மருந்து, கூடவே மனநல டாக்டர் தந்த மாத்திரை. அம்மா தேறினாள். எந்த மாத்திரை எவ்வளவு வேலை செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்புறம் தேடிப் படித்தேன். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு, அழற்சியைக் கிளப்பும் இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர்களில் பலருக்கு மனச்சோர்வு வந்திருக்கிறது. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை மனச்சோர்வுக்காரர்களுக்கே ஏற்றிப் பார்த்தார்கள். மொத்தத்தில் பலனில்லை, சிஆர்பி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் எடுபட்டது. மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் சிஆர்பி 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மற்றவர்களுக்கு இந்தக் கதை பொருந்தாமலே போகலாம்.

உடனே "அப்போ மனநல மாத்திரையை நிறுத்திடலாமா" என்று கமெண்டில் வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. உங்கள் வீட்டில் சோர்ந்து கிடப்பவருக்கு மூட்டுவலியோ சொரியாசிஸ் மாதிரி தோல் அழற்சியோ இருந்தால், அதைப் பார்க்கும் டாக்டரிடம் இந்தச் சோர்வையும் சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். விரல் வளையாத நாட்களில் அம்மா சுற்றிய கட்டுகளை "தளர்வா இருக்கு" என்று கழித்துவிட்டு, இலைக்கும் புகையிலைத் தூளுக்கும் கூலியில் காசு பிடித்தார் பீடிக் கடைக்காரர். சரி, கழித்த பீடியையாவது திருப்பிக் கொடுத்தாரா? அதுவும் இல்லை. விற்றுத்தானே தின்றிருப்பார்?