ஐடிலில் நீலப் புகை: டர்போவைக் கழற்றும் முன்

காரில் புது டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பொருத்தியபின் நீலப் புகை வருகிறதா? டர்போவை இப்போதே கழற்ற வேண்டாம், முதலில் அதிலிருந்து எஞ்சினுக்கு ஆயில் திரும்பும் ஹோஸைப் பாருங்கள். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது மட்டும் நீலப் புகை என்றால் என் சந்தேகம் அதன் மேல்தான். நண்பர்களோடு வீட்டில் மியாட்டாவுக்கு (மாஸ்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்) டர்போ ஏற்றும்போது இடமில்லாமல் ஹோஸை வளைத்துவிடுவது சகஜம்.

டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால்தான் இறங்குகிறது. ஹோஸ் தொய்ந்தாலோ, சம்ப்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்குக் கீழே நுழைந்தாலோ, ஆயில் டர்போவில் தேங்கி, அதைத் தடுக்கும் சீலைத் தாண்டி எரிந்து நீலப் புகையாகிவிடும்.

எஞ்சின் ஆறியபின் ஹோஸின் மேல்முனையில் கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள், தடையில்லாமல் இறங்க வேண்டும். ஹோஸ் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது.

சரிசெய்த உடனே புகை நிற்காது, சைலன்சரில் தேங்கிய ஆயில் எரிந்து தீர வேண்டும். அப்புறம், டர்போவின் கம்ப்ரசர் சக்கரம் (காற்றை அழுத்தும் சக்கரம்) உறையில் உரசினால் இதெல்லாம் உதவாது, ஓட்டாதீர்கள்.