ஆர்டிஇ-ல (கல்வி உரிமைச் சட்டத்துல) தனியார் ஸ்கூல்ல இலவச சீட் கிடைச்சா சேர்க்கலாமா, இல்ல பக்கத்து அரசுப் பள்ளியே போதுமா?

சேருங்க, ஆனா கையில கொஞ்சம் காசு வச்சுக்கிட்டு சேருங்க. நீங்களும் எங்கள மாதிரி சம்பளத்த நம்பி ஓடுற ஆளாத்தான் இருப்பீங்க, இல்லன்னா இந்தக் கேள்வியே வராது.

நாங்க திருப்பூர். வீட்டுக்காரர் டெய்லர், நான் பனியன் கம்பெனில செக்கிங். 2015ல பொண்ணுக்கு எல்கேஜி சீட் கிடைச்சுது, எட்டாவது வரைக்கும் பீஸ் கிடையாது, அரசாங்கமே ஸ்கூலுக்குக் கொடுத்துரும்னாங்க. கொடுத்தாங்கதான், ஆனா டியூஷன் பீஸுக்கு மட்டும். முதல் வருசம் ஆபீஸ் ரூம்ல ஒரு சீட்டு நீட்டுனாங்க பாருங்க, பீஸ்ங்கிற இடத்துல கோடு போட்டு சிவப்பு இங்க்ல ஆர்டிஇ-னு எழுதியிருந்துச்சு, அதுக்குக் கீழ புக்ஸ், நோட்டு, யூனிபார்ம், புதன்கிழமைக்குத் தனியா வெள்ளை ஷூ, ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழானு வரிசையா தொகை. ரசீது புக்ஸுக்கு மட்டும்தான். ஸ்மார்ட் கிளாஸ்ல என்ன காட்டுறாங்கன்னு பொண்ணுகிட்ட கேட்டா "மிஸ் அதுல ரைம்ஸ் போட்டுவிட்டு நோட்டு திருத்துவாங்க"ங்கறா.

உடனே "ஓசில படிக்க வச்சுட்டு பேச்சப் பாரு"ன்னு யாரும் கமெண்ட்ல வந்துராதீங்க. 2009 சட்டத்துல 12(1)(சி)னு பிரிவே இருக்கு, சிறுபான்மை ஸ்கூல் தவிர மத்த தனியார் ஸ்கூல்ல நுழைவு வகுப்புல 25 சதவீதம் சீட் எங்கள மாதிரி பிள்ளைங்களுக்கு. அந்தக் காசு நம்ம எல்லார் வரியிலிருந்தும்தான் போகுது, நானும் சோப்பு வாங்குனா ஜிஎஸ்டி கட்டுறேன்ல.

கொரோனா வந்தப்ப நாலாவது. ஆன்லைன் கிளாஸ் ஒரு ஆப்ல, அதுக்குத் தனிக் காசு, கட்டலைன்னா லிங்க் வராது. வீட்டுல இருந்தது ஒத்த போன், அது அவர்கூட போயிரும். எதிர்வீட்டுப் பையன் அரசுப் பள்ளி, அவன் கேபிள்ல கல்வி தொலைக்காட்சி பார்த்துட்டு இருப்பான், இவளும் நோட்ட எடுத்துக்கிட்டு அங்க போயிருவா. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு பின்னம் தமிழ்ல புரிஞ்சது அந்த டிவி புண்ணியம்.

இன்னொன்னு, இந்த ஆர்டிஇ சீட் டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவுல மாட்டிக்கும். தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கைய ஏத்துக்கிட்டு பிஎம் ஸ்ரீங்கிற மத்திய அரசுப் பள்ளித் திட்டத்துல கையெழுத்துப் போடலைன்னு, பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்குற சமக்ர சிக்ஷா பணம் 2,000 கோடிக்கு மேல மத்திய அரசு நிறுத்தி வச்சது, 2025ல கோடையிலேயே திறக்க வேண்டிய ஆர்டிஇ விண்ணப்பம் திறக்கவே இல்ல. ஆர்டிஇ பணத்த அந்தக் கொள்கையோட முடிச்சுப் போடாதீங்கன்னு ஹைகோர்ட் சொல்லி, கடைசில அக்டோபர்லதான் திறந்தாங்க. அதுக்குள்ள எத்தனை பேரு கடன வாங்கி பீஸ் கட்டியிருப்பாங்க.

அரசுப் பள்ளிய மட்டம்னு நினைச்சுராதீங்க. அஞ்சாவது வரைக்கும் காலைல சாப்பாடு போடுறாங்க, ஷிப்டுக்கு ஓடுற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விசயம்னு ஷிப்டுக்குப் போறவங்களுக்குத்தான் தெரியும். எங்க பொண்ணு இப்ப ஒன்பதாவது அரசுப் பள்ளிலதான். ஹைடெக் லேப்ல ரெண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், நெட் வேலை செய்யுற நாள்ல கிளாஸ் நல்லாவே நடக்குதாம். கஷ்டம் பஸ்லதான். ஸ்டாப்புல யூனிபார்மும் வேலைக்குப் போற பொம்பளைங்களும் மட்டும் நின்னா டிரைவர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துறார், எல்லாம் டிக்கெட் இல்லாத கூட்டமாம். ஓடிப் புடிக்கறதுக்குள்ள லஞ்ச் பேக்குல ரசம் கொட்டிருது. யார்கிட்ட சொல்றது இத.

சரி, விசயத்துக்கு வரேன். எட்டாவது வரைக்கும் ஆர்டிஇ-ல படிச்சுட்டு 9லிருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சா மெடிக்கல் சீட்ல அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்குன்னு இருக்குற 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, பொண்ணுன்னா காலேஜ் போறப்ப புதுமைப்பெண்ங்கிற அரசுத் திட்டத்துல மாசம் 1,000 ரூபாயும் உண்டு. இத எந்த ஸ்கூலும் சொல்ல மாட்டாங்க, ஒன்பதாவதுக்கு முழு பீஸ் கட்டச் சொல்லித்தான் உக்கார வைப்பாங்க. அதனால டிசி வாங்கும்போதே ஆர்டிஇ-ல படிச்சதுக்கு சர்டிபிகேட் தனியா கேட்டு, சீல், கையெழுத்து, தேதி மூணும் இருக்கான்னு அங்கயே நின்னு பார்த்துட்டு வாங்க.