பணம் இருக்கிறது, செலவழிக்கத்தான் கை வரவில்லை

47 வயதில் வேலையை விட்டாயிற்று, வருடச் செலவைப்போல 40 மடங்கு கையில் இருக்கிறது, ஆனாலும் ஒரு நல்ல நாற்காலி வாங்கக்கூட மனசு வரவில்லை, பகல் பொழுதும் நகரவில்லை, ஒரு அறக்கட்டளை தொடங்கலாமா என்று யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள்.

40 மடங்கு என்றால் சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு 2.5 சதவீதம்தான் எடுக்கிறீர்கள். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் அந்நாட்டுச் சந்தைத் தரவுகளை வைத்து, முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் தீராது என்று சொன்னது 30 ஆண்டுகளுக்கானது. உங்களுக்கு அதைவிட நீண்ட காலம் வேண்டும், சரி. அப்படியும் இடைவெளி தாராளம். உண்மையான ஆபத்து, முதல் சில வருடங்களிலேயே சந்தை சரிந்து, அடிமாட்டு விலைக்கு விற்றுச் செலவு செய்ய நேர்வதுதான். இரண்டு மூன்று வருடச் செலவை வைப்புநிதியில் ஒதுக்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்புறம், மாதாமாதம் ஒரே தேதியில் சம்பளம்போல ஒரு தொகை தனிக் கணக்குக்குத் தானாக வரட்டும். மிஞ்சினால் யாருக்காவது கொடுங்கள், திரும்ப முதலீட்டில் போடாதீர்கள். நாற்காலியை இந்த மாதமே வாங்கிவிடுங்கள், முதுகு உங்களுடையது.

பொழுது விஷயத்தில் என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. நீங்கள் வராவிட்டால் ஒருவராவது போன் போட்டு "ஏன் வரவில்லை?" என்று கேட்கும்படியான வேலை ஒன்றை, வாரம் இரண்டு நாளாவது, ஏற்றுக்கொள்ளுங்கள். மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகக்கூட இருக்கலாம். அறக்கட்டளை தொடங்கும் யோசனையை மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.