ஹீரோ தாவினால் எங்கே விழுவான்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தைப் பற்றியவை. சினிமா, கிரிக்கெட், மீம், ரீல்ஸ் இதையெல்லாம் வகுப்புக்குள் விடலாமா கூடாதா என்பதுதான் எல்லாவற்றிலும் விஷயம். அதுவும் பேசிவைத்து எழுதியதுபோல எல்லாமே குமரி மாவட்டத்துக் கடிதங்கள், அதனால் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன்.

"ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 'இயக்கம்' பாடத்துக்குச் சமன்பாட்டை போர்டில் எழுதினாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அதே பிள்ளைகள் முந்தின நாள் பார்த்த சண்டைக் காட்சியை ஒன்று விடாமல் சொல்கிறார்கள். அந்தக் காட்சியையே போட்டு நடத்தலாமா? ஹெச்.எம்.மிடம் கேட்டால் 'இது பள்ளிக்கூடமா தியேட்டரா' என்கிறார்." — ஓர் ஆசிரியை, மார்த்தாண்டம்

தாராளமாகப் போடுங்கள் டீச்சர். ஆனால் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஹீரோ மொட்டைமாடியிலிருந்து எதிர்க் கட்டிடத்துக்குத் தாவும் காட்சி எந்த மசாலாப் படத்திலும் கிடைக்கும். அவன் கால் மாடியை விட்டதும் பாஸ் பண்ணிவிடுங்கள், இறங்குவதைக் காட்டாதீர்கள். இரண்டு கட்டிடத்துக்கும் நடுவே எத்தனை மீட்டர் இருக்கும் என்று கேளுங்கள். ஒருத்தன் பத்து என்பான், இன்னொருத்தி நடுவில் ரோடு போகுது, எதிரும் புதிருமா ரெண்டு பஸ் போகுது, இருபதாவது இருக்கும் டீச்சர் என்பாள். சரி, இருபது. ஓடிவரும் வேகம் விநாடிக்கு 8 மீட்டர் என்று கொடுப்போம் (நமக்கு வராது, ஹீரோவுக்குக் கொடுக்கலாம்). 20-ஐ 8-ஆல் வகுத்தால் அந்தரத்தில் இரண்டரை விநாடி. அந்த இரண்டரை விநாடியும் புவியீர்ப்பு வேடிக்கை பார்த்துக்கொண்டா நிற்கும்? ½ × 9.8 × 2.5 × 2.5 போட்டால் 30 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதாவது எதிர்க் கட்டிடத்தை அவன் தொடும்போது பத்து மாடி கீழே இருப்பான்.

இதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "டீச்சர், உசேன் போல்ட் மாதிரி ஓடினா?" என்பான். கேட்கட்டும். விநாடிக்கு 12 மீட்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அப்போதும் 13 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுவான், நாலு மாடி. அடுத்து இன்னொருத்தி, "அவன் நேரா குதிக்கல, மேல் நோக்கித்தானே குதிக்கிறான்" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு உங்கள் பாடம் ஜெயித்துவிட்டது, ஏனென்றால் நீங்கள் போட்ட கணக்கில் இருக்கும் ஓட்டையை அவளே கண்டுபிடித்துவிட்டாள். 45 டிகிரியில் அதே 8 மீட்டர் வேகத்தில் எழும்பினாலும் சமதளத்தில் ஆறரை மீட்டர்தான் போகும் என்று விடையை மட்டும் சொல்லிவிடுங்கள், கணக்கு பதினொன்றாம் வகுப்பில் வரும். நீளம் தாண்டுதலில் உலக சாதனையே 8.95 மீட்டர்தான், மைக் பவல் 1991-ல் தாண்டியது. அதன்பிறகு மிச்சக் காட்சியை ஓடவிடுங்கள். ஹீரோ இறங்கும்போது வகுப்பே சிரிக்கும், அது கணக்குப் போட்டவன் சிரிக்கும் சிரிப்பு.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1998-ல் ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் என்ற இரண்டு கல்வி உளவியல் ஆய்வாளர்கள் மின்னல் எப்படி உண்டாகிறது என்ற பாடத்தைச் சிலருக்கு வெறும் விளக்கமாகவும், சிலருக்கு மின்னல் தாக்கிய மனிதர்கள், விமானங்கள் பற்றிய சுவாரஸ்யமான துணுக்குகள், படங்கள் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். துணுக்கு சேர்த்துப் படித்தவர்கள்தான் மின்னல் எப்படி உண்டாகிறது என்பதைக் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். சுவாரஸ்யம் பாடத்தோடு ஒட்டாமல் பக்கத்தில் தனியாக நின்றால் பிள்ளைகள் சுவாரஸ்யத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதனால் பாட்டு, காமெடி டிராக் என்று 'மூடு வர' எதையாவது போட்டுவிட்டு அப்புறம் புத்தகத்தைத் திறப்பது வேலைக்கு ஆகாது. காட்சியை எடுத்துவிட்டால் கணக்கே இல்லை என்ற அளவுக்கு இரண்டும் பின்னியிருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் கிளிப் வேண்டாம்.

ஹெச்.எம்.முக்கு ஒரு பதில்: தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பள்ளிக் கல்வித் துறையே 2022-லிருந்து சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு, அதைப் பற்றி மாணவர்களைப் பேசவும் எழுதவும் வைக்கிறது. அவருக்கு இது தெரிந்துதான் இருக்கும், நீங்கள் நினைவுபடுத்தினால் போதும்.

"சினிமாக் காட்சியை வகுப்பில் போட்டால் காப்பிரைட் கேஸ் வருமா?" — தனியார் பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்

1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 52-ம் பிரிவில் விலக்கு இருக்கிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுத்துப் பயன்படுத்தலாம். கல்வி நிறுவனத்தின் செயல்பாட்டின் பகுதியாக, ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், நிறுவனத்தோடு நேரடித் தொடர்புள்ளவர்கள் என்ற வட்டத்துக்குள் படத்தைத் திரையிடவும் செய்யலாம். ஊருக்கே டிக்கெட் போட்டால் அந்த விலக்கு கிடையாது. வகுப்பை வீடியோ எடுத்து, அதில் படக்காட்சியும் சேர்ந்து யூடியூபில் ஏறினால் அதுவும் வேறு விவகாரம். டெலிகிராமில் இறக்கிய தியேட்டர் பிரிண்ட்டைத் தயவுசெய்து வகுப்பில் போடாதீர்கள், சட்டம் இருக்கட்டும், நாற்பது பிள்ளைகள் முன்னால் அது என்ன பாடம்?

"கடலோரப் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். எங்கள் பையன்களுக்கு சினிமாவை விட ஃபுட்பால்தான் உயிர். அர்ஜென்டினா, பிரேசில் ஃப்ளெக்ஸ் இல்லாத தெருவே கிடையாது. இதைக் கணக்குக்கு எப்படிப் பிடிப்பது?" — தூத்தூர் பக்கம்

சார், நீங்கள் கொடுத்துவைத்தவர், தமிழ்நாட்டில் மற்ற கணக்கு வாத்தியார்களுக்கு இந்த வசதி இல்லை. 2026 உலகக் கோப்பைக்கு 48 அணிகள். நாலு நாலாக 12 குரூப். ஒரு குரூப்பில் ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் ஒருமுறை மோதினால் எத்தனை ஆட்டம்? நாலு பேரையும் முன்னால் நிறுத்திக் கை குலுக்கச் சொல்லுங்கள், 4 × 3 = 12 என்று அவசரக்காரன் சொல்வான், ஒரே கைகுலுக்கலை இரண்டு தடவை எண்ணியிருக்கிறோம் என்று இன்னொருத்தன் மடக்குவான், ஆக ஆறு. 12 குரூப்புக்கு 72. அடுத்து நாக்-அவுட்டுக்கு 32 அணிகள் வருகின்றன. இங்கே பையன்கள் 16, 8, 4 என்று கூட்டிக்கொண்டு போவார்கள். விடுங்கள், கூட்டட்டும். கூட்டி முடித்ததும் கேளுங்கள்: ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி வெளியே போகிறது, கோப்பை ஒருத்தருக்குத்தான், அப்படியானால் எத்தனை அணி வெளியே போகவேண்டும்? 31. எனவே 31 ஆட்டம். கூட்டவே வேண்டியதில்லை. மூன்றாம் இடத்துக்கு ஒரு ஆட்டம் சேர்த்து 32, முன்னால் வந்த 72-ஐயும் கூட்டினால் 104, உலகக் கோப்பையின் மொத்த ஆட்டமும் அவ்வளவுதான். அடுத்து உங்கள் ஊர்க் கிளப் 23 டீமை வைத்து நாக்-அவுட் நடத்தினால் எத்தனை ஆட்டத்துக்கு ரெஃப்ரி பிடிக்கவேண்டும் என்று கேட்டுவிட்டு வகுப்பை முடியுங்கள். 'பை' (ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது) கொடுத்துக் குழம்புகிறவன் குழம்பட்டும், 22 என்று பட்டென்று சொல்கிறவன் எவன் என்று பாருங்கள்.

கிரிக்கெட்காரர்களுக்கும் ஒன்று இருக்கிறது. 19.3 ஓவரில் 156 ரன். ரன் ரேட் என்ன? கால்குலேட்டரில் 156-ஐ 19.3-ஆல் வகுத்தால் 8.08 வரும், அது தப்பு. ஓவருக்கு ஆறு பந்து, ஆகவே 19.3 என்பது பத்தொன்பதரை ஓவர், ரன் ரேட் சரியாக 8. அந்தப் புள்ளி தசமப் புள்ளி கிடையாது என்பது டிவி பார்க்கும் அத்தனை பேருக்கும் தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது.

"மகள் எட்டாம் வகுப்பு. வரலாறு வகுப்பில் டீச்சர் ஒரு பேய்ப் படத்தைப் பற்றிப் பேசினாராம். ஃபீஸ் கட்டுவது இதற்குத்தானா?" — ஒரு தாய், தக்கலை

அம்மா, எந்தப் படம் என்று மகளிடம் கேட்டீர்களா? நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் தக்கலை என்பதால் ஊகிக்க முடிகிறது. 1993-ல் வந்த 'மணிச்சித்ரத்தாழ்' மலையாளப் படத்தின் சில பகுதிகளை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில்தான் எடுத்தார்கள். நம் மேற்குப் பக்கத்தில் அதைப் பார்க்காத வீடு அபூர்வம். அந்த டீச்சர் பேயைப் பற்றி மட்டும் பேசிவிட்டு மணியடித்ததும் போயிருந்தால் உங்கள் கோபம் நியாயம்.

ஆனால் அங்கிருந்து கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. அரண்மனை தமிழ்நாட்டில், குமரி மாவட்டத்தில். நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். இது எப்படி வந்தது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இது திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தது, 18-ம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது, இந்தப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நேசமணி தலைமையில் தெற்கெல்லைப் போராட்டம் நடந்தது, 1954-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது, 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். புத்தகத்தில் 'மொழிவாரி மாநிலங்கள்' என்று படித்தால் பரீட்சை முடிந்ததும் போய்விடும். இப்படிப் படித்தால் அரண்மனை டிக்கெட் கவுண்டரில் நிற்கும்போது ஞாபகம் வரும்.

படத்தில் வரும் அரண்மனையையும் நிஜ அரண்மனையையும் ஒப்பிடவும் சொல்லலாம். சினிமாக்காரர்கள் வேறு ஊர் அரண்மனைகளையும் சேர்த்துத்தான் ஒரே வீடாகக் காட்டியிருக்கிறார்கள், எந்த அறை இங்கே இருக்கிறது, எது இல்லை என்று பிள்ளைகள் பார்த்து எழுதிவந்தால் ஒரு காட்சியை நம்புவதற்கு முன் சரிபார்க்கும் பழக்கம் வரும். அந்த டீச்சரிடம் நேரில் போய் அடுத்த வகுப்பில் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள், புகார் அதற்கப்புறம்.

"நம் மண்ணின் கலையான வில்லுப்பாட்டு இருக்கும்போது சினிமாவும் மீமும் எதற்கு?" — ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பூதப்பாண்டி

ஐயா, வில்லுப்பாட்டைச் சொன்னது சரி, சினிமாவுக்கு எதிராக அதை நிறுத்தியதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. கோயில் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட காலத்தில் அதுதான் இந்தப் பக்கத்து சினிமா. ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்துக்கும், அங்கிருந்து சினிமாவுக்கும் போனவர். 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் நந்தனார் சரித்திர மெட்டிலேயே கிந்தனார் காலட்சேபம் செய்தார், சிதம்பரத்துக்குப் போகத் துடித்த நந்தனுக்குப் பதிலாக, பட்டணத்துக்குப் போய்ப் படிக்கத் துடிக்கும் ஒரு பையன். ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே சரக்கை மாற்றுவது என்பதைத்தானே இந்த டீச்சர்களும் கேட்கிறார்கள்?

வகுப்புக்கு வில்லுப்பாட்டு தரும் பெரிய உதவி வில்லோ உடுக்கோ அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா" போடுகிறவர். அவர் சும்மா ஆமா போடுவதில்லை, "அதெப்படிய்யா?" என்று மடக்குவார், பாடுகிறவர் விளக்கியே ஆகவேண்டும். நீர்ச்சுழற்சியோ டெங்குவோ எதுவானாலும் பாடுகிறவர் நாலு வரி மனப்பாடம் பண்ணிவிடலாம், ஆமா போடுகிற பிள்ளை பாடம் புரியாமல் கேள்வி கேட்க முடியாது. மார்க் அவளுக்குத்தான் அதிகம் போடவேண்டும்.

"பிள்ளைகளையே பாடத்துக்கு மீம் போடச் சொன்னேன். நன்றாகத்தான் போனது, கடைசியில் ஒரு பையனின் நிறத்தைக் கிண்டல் செய்து ஒன்று வந்துவிட்டது." — வேதியியல் ஆசிரியை, குலசேகரம்

அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள், அதே நேரம் 'சும்மா ஜாலிக்கு' என்று விட்டுவிடவும் வேண்டாம். நம் காமெடி டிராக்குகளில் பாதி நிறம், குண்டு, வழுக்கை, திக்குவாய் இவற்றை வைத்து ஓடியவைதான், பிள்ளைகள் எடுப்பதும் அங்கிருந்துதான். வகுப்பில் இருக்கிற யாருடைய முகமும் பெயரும் வரக்கூடாது, உடம்பும் சாதியும் மதமும் ஊரும் வரக்கூடாது, இதை முன்கூட்டியே போர்டில் எழுதிவிடுங்கள். கேலிக்கு ஆளாகவேண்டியது சோடியமும் குளோரினும். போன் வேண்டாம், நோட்டில் கட்டம் போட்டு வரையட்டும், கோட்டோவியம் போதும்.

அப்புறம் வந்த மீமை ரசித்துவிட்டு விட்டுவிடாமல் திருத்துங்கள். குளோரின் ரவுடி மாதிரி வந்து சோடியத்தின் சட்டைப் பையிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவதாக ஒருவர் வரைவார், இன்னொருவர் சோடியம் வலிய வந்து நீட்டுவதாக வரைவார். எது சரி? வெளிக்கூட்டில் சோடியத்துக்கு ஒன்று, குளோரினுக்கு ஏழு என்று ஆரம்பித்து, சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க ஆற்றல் செலவாகத்தான் செய்கிறது, சும்மா விழுந்துவிடாது என்பது வரை அந்தச் சண்டையிலேயே நடத்தலாம். எந்தப் பிள்ளைக்கு எங்கே தப்பாகப் புரிந்திருக்கிறது என்பது மீமில் தெரிவதுபோல பரீட்சைப் பேப்பரில் தெரியாது.

"எங்க சார் ட்ரெண்டிங் டயலாக்கா பேசித்தான் பாடம் நடத்துவாரு. அவர் சொல்றப்ப அது பழசாயிருக்கும். செம கிரிஞ்ச். எப்படிச் சொல்றது?" — பத்தாம் வகுப்பு மாணவன், கொல்லங்கோடு

மக்கா, நேரே சொல்லிவிடாதே, மனுஷன் நொந்துபோவார். "சார், அடுத்த பாடத்துக்கு உதாரணம் நாங்க கொண்டு வரட்டா?" என்று கேள், பெரும்பாலும் சரி என்பார். அப்புறம் கஷ்டம் உனக்குத்தான், ட்ரெண்டிங்கில் இருக்கிற ஒன்றை எடுத்து அது ஒளிவிலகலுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று யோசிக்க வேண்டியவன் நீ. பொருந்தாவிட்டால் பழைய டயலாக்குக்கே போகவேண்டியிருக்கும்.