வீட்டு வாசலுக்கு வரும் பயிற்சியாளர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணிகள் பள்ளி மாணவர்களை எவ்வாறு கண்டெடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (வாசகர், மதுரை): நம் ஊரில் மாணவர்தான் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைகிறார். அமெரிக்காவில் பெயர்பெற்ற பயிற்சியாளர்களே மாணவரின் வீட்டுக்கு வந்து பேசுகிறார்களாமே? பதினேழு வயதுப் பிள்ளைக்காக அவர்கள் ஏன் அவ்வளவு மெனக்கெட வேண்டும்?

பதில்: கூடைப்பந்தில் ஓர் அணிக்காகக் களத்தில் நிற்பவர்கள் ஐந்து பேர் மட்டுமே என்பதுதான் முதற்காரணம். பெரிய குழு விளையாட்டுகளில் ஒருவரின் வரவால் ஏற்படும் மாற்றம் பலரிடையே கரைந்துவிடும். இங்கே ஒரே ஒரு மாணவர் வந்து சேர்ந்ததால் ஒரு கல்லூரியின் தலையெழுத்தே மாறியதுண்டு. 1965-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பவர் மெமோரியல் பள்ளியில் படித்த லூ அல்சிண்டர் என்ற ஏழடி உயர மாணவரை நாடு முழுவதும் இருந்த கல்லூரிகள் தேடி வந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜான் வுடனுக்கு ஆதரவாக, அங்கே முன்பு படித்தவர்களான பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனும் நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பன்ச்சும் அந்த மாணவருக்குக் கடிதம் எழுதினார்கள். முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்ற விதி அப்போது இருந்ததால் அவர் ஓராண்டு காத்திருந்தார். அதன் பின் ஆடிய மூன்று ஆண்டுகளிலும், அதாவது 1967, 1968, 1969-இல், யு.சி.எல்.ஏ.வே தேசிய வாகையர். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தது இவரைத்தான்.

இப்படி ஒருவருக்காகப் பல கல்லூரிகள் போட்டியிடும்போது அந்தப் பிள்ளைக்கு மூச்சுவிட இடமில்லாமல் போய்விடும் என்பதால், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு நாட்காட்டி ஒன்றை வகுத்திருக்கிறது. ஆண்டின் சில வாரங்களில் பயிற்சியாளர் மாணவரை நேரில் சந்தித்துப் பேசலாம். சில வாரங்களில் அவர் ஆடுவதைப் பார்க்கலாம், ஆனால் வெளியிடத்தில் அருகே சென்று பேசக் கூடாது. இன்னும் சில வாரங்களில் கல்லூரி வளாகத்துக்குள் மட்டுமே சந்திக்கலாம். வேறு சில நாட்களில் நேரில் சந்திப்பதே கூடாது. ஆடவர் கூடைப்பந்தைப் பொறுத்தவரை, மாணவர் பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15-இலிருந்துதான் பயிற்சியாளர்கள் அவரைத் தொலைபேசியில் அழைக்கவும் அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பவும் முடியும். அந்த நாளின் நள்ளிரவு கடந்தவுடன் முதல் செய்தியை அனுப்பிவிடத் துடிக்கும் உதவிப் பயிற்சியாளர்கள் பலர். ஊர் ஊராகச் சுற்றும் பெருவேலையும் அவர்களுடையதுதான். தலைமைப் பயிற்சியாளர் வீட்டுக்கு வருகிறார் என்றால், அதற்குப் பின்னால் ஓர் உதவிப் பயிற்சியாளரின் ஈராண்டு உழைப்பு இருக்கும்.

இந்தத் தேடல் பள்ளி ஆட்டங்களோடு நிற்பதில்லை. கோடைவிடுமுறையில் காலணி நிறுவனங்களின் ஆதரவோடு நடக்கும் மன்ற அணிகளின் தொடர்களில்தான் பெரும்பாலான முடிவுகள் உருவாகின்றன. நைக்கி நிறுவனத்தின் தொடர் ஜூலை மாதத்தில் தென் கரோலினாவின் நார்த் அகஸ்டா என்ற சிற்றூரில் பீச் ஜாம் போட்டியோடு நிறைவுபெறும். நாட்டின் புகழ்பெற்ற பயிற்சியாளர்கள் அனைவரையும் அப்போது ஒரே அரங்கின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கக் காணலாம். அவர்கள் பந்து கூடையில் விழுவதை மட்டும் கவனிப்பதில்லை. களத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டதும் அந்தப் பிள்ளை எங்கே உட்காருகிறான், தவறு செய்த தோழனிடம் என்ன முகம் காட்டுகிறான், ஆட்டம் முடிந்ததும் தன் தாயிடம் எப்படிப் பேசுகிறான் என்பவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள். எத்தனை அடி தாண்டுவான் என்பதை அளந்துவிடலாம். ஆட்டப் பருவத்தில் அணி தோற்றுக்கொண்டிருக்கும் பிப்ரவரி மாதத்தில் அவன் எப்படி இருப்பான் என்பதை இத்தகைய சிறு அடையாளங்களைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (வாசகி, நியூ ஜெர்சி): என் மகன் பத்தாம் வகுப்பை முடிக்கப்போகிறான், பள்ளி அணியில் முதல் ஐவரில் ஒருவன். மூன்று கல்லூரிகளிலிருந்து கடிதங்களும் கோடை முகாமுக்கு அழைப்பும் வந்துள்ளன. இடம் கிடைத்துவிட்டதாகவே அவன் நண்பர்கள் பேசுகிறார்கள். நாங்கள் அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம், அம்மா. கடிதம் என்பது கல்லூரியின் பட்டியலில் உங்கள் மகனின் பெயர் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். அந்தப் பட்டியலில் இன்னும் பல நூறு பெயர்கள் இருக்கலாம். முகாம்களில் பெரும்பாலானவை கட்டணம் வாங்குபவை என்பதால், முகாம் அழைப்பை உதவித்தொகைக்கான அழைப்பாகக் கருதிக் கடன் வாங்கி அனுப்பிவிடாதீர்கள். ஒரு பயிற்சியாளர் தாமே தொலைபேசியில் அழைத்து, உங்கள் மகன் ஆடுவதை நேரில் பார்த்துவிட்டு, இன்ன ஆண்டில் இன்ன இடத்துக்கு உதவித்தொகையோடு எடுத்துக்கொள்ள விரும்புகிறோம் என்று சொல்லும்போதுதான் பேச்சு தொடங்குகிறது. அந்த வாய்ச்சொல்லும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. ஒரு கல்லூரியில் சேர உறுதியளித்து மாணவர் கையெழுத்திடும், 1964 முதல் நடைமுறையில் இருந்த தேசிய உறுதிக் கடிதம் 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் கைவிடப்பட்டது; இப்போது கல்லூரியோடு கையெழுத்திடும் நிதியுதவி ஒப்பந்தமே அதன் வேலையைச் செய்கிறது. கையெழுத்து ஆகும்வரை எதுவும் முடிந்துவிடவில்லை என்று மகனிடம் அன்போடு, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பயிற்சியாளர் பேச வரும்போது தயங்காமல் கேளுங்கள். இதே ஆண்டில் இதே இடத்துக்கு வேறு எத்தனை பேரிடம் பேசுகிறீர்கள்? இப்போது அந்த இடத்தில் ஆடுபவர் எந்த ஆண்டில் படிக்கிறார்? உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு? காயம்பட்டு ஆட முடியாமல் போனால் என்ன ஆகும்? உங்களிடம் ஆடியவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள்? இவற்றுக்கு முகம் சுளிக்கிற பயிற்சியாளரிடம் பிள்ளையை ஒப்படைக்காமல் இருப்பதே நல்லது. உதவித்தொகையைப் பற்றிய கேள்வி மிகவும் முக்கியம்; 1973 முதல் 2012 வரை ஓராண்டுக்கு மட்டுமே அதை வழங்கி ஆண்டுதோறும் புதுப்பிப்பதே விதியாக இருந்தது, இன்றும் எல்லாக் கல்லூரிகளும் பல்லாண்டு ஒப்பந்தம் தருவதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று, பந்தோடு தொடர்பே இல்லாதது. கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் மேல்நிலையான முதல் பிரிவுக் கல்லூரியில் ஆட வேண்டுமானால் பள்ளியின் நான்கு ஆண்டுகளில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் நான்கு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தப் பாடங்களில் சராசரி மதிப்பெண் நான்கிற்கு 2.3 புள்ளியாவது இருக்க வேண்டும். 16-இல் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடித்தாக வேண்டும் என்பதைப் பல பெற்றோர் காலம் கடந்த பின்னரே அறிகிறார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு மதிப்பெண் வேண்டும் என்ற நிபந்தனை 2023-இல் நீக்கப்பட்டாலும் பாடக் கணக்கு அப்படியே இருக்கிறது. உங்கள் மகன் பத்தாம் வகுப்பில் இருப்பதால் இன்னும் நேரம் இருக்கிறது. இந்த வாரமே பள்ளியின் கல்வி ஆலோசகரைப் பார்த்து அவன் எடுத்த பாடங்களைச் சரிபார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. பள்ளி அணிகளில் ஆடும் சிறுவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் அதிகம். அவர்களில் முதல் பிரிவுக்குச் செல்பவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். இரண்டாம் பிரிவும் மூன்றாம் பிரிவும் இருக்கின்றன. மூன்றாம் பிரிவிலும், முதல் பிரிவைச் சேர்ந்த, ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது என்றாலும், குடும்ப வருமானத்தைப் பார்த்து வழங்கும் நிதியுதவி உண்டு. மகனுக்கு விருப்பமான படிப்பும் ஆடுகளமும் ஒரே இடத்தில் அமையுமானால், அது எந்தப் பிரிவாக இருந்தால் என்ன?

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): இவ்வளவு நுணுக்கமாகத் தேடியும் அவர்கள் தவறவிட்ட ஆட்டக்காரர்கள் உண்டா?

பதில்: உண்டு, அதிலும் மிகப் பெரியவர்கள். ஓக்லண்டின் மெக்ளைமண்ட்ஸ் பள்ளியில் படித்த பில் ரஸ்ஸலுக்கு உதவித்தொகை தர முன்வந்தது ஒரே ஒரு கல்லூரி, சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். அவர் அந்தக் கல்லூரிக்கு 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் நட்சத்திரமான ஸ்டெஃபன் கறியின் கதை இதைவிட நம் காலத்துக்கு நெருக்கமானது. தந்தை டெல் கறி ஆடிய வர்ஜீனியா டெக் கல்லூரியே, உதவித்தொகை இல்லாமல் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று சொன்னதே தவிர இடம் தரவில்லை. ஆறடி உயரமும் மெலிந்த உடலுமாக இருந்த பையனைப் பெரிய கல்லூரிகள் தாங்கமாட்டான் என்று கணித்தன. வட கரோலினாவில் டேவிட்சன் என்ற சிறு கல்லூரியின் பயிற்சியாளர் பாப் மெக்கிலப் மட்டும் அவரிடம் வேறொன்றைக் கண்டார். 2008 மார்ச்சில் அந்தச் சிறு கல்லூரி கொன்ஸாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் ஆகிய பெரிய அணிகளை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தி, நாட்டின் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்து, கான்சாஸிடம் 59-57 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது. அந்த ஆட்டத்தை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் பதறுகிறது. பையன் என்ன உயரம் என்பதற்குப் பதில் இன்னும் எவ்வளவு வளர்வான் என்று கேட்கத் தெரிந்த ஒரு பயிற்சியாளர் இல்லாதிருந்தால் அந்த வசந்தகாலமே இருந்திருக்காது.

கேள்வி (வாசகர், திருச்சி): மாணவர்களுக்குப் பணம் கொடுப்பது குற்றம் என்று முன்பு படித்தேன், இப்போது கோடிகளில் வாங்குகிறார்கள் என்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும், அதனதன் காலத்தில். 2017 செப்டம்பரில், மாணவர்களைக் குறிப்பிட்ட கல்லூரிகளின் பக்கம் திருப்பப் பணம் கைமாறியதாகக் கூறி நான்கு உதவிப் பயிற்சியாளர்கள் உட்படப் பத்துப் பேரை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு கைதுசெய்தது. 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூலை முதல், நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத் தரக்கூடிய உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 இலட்சம் டாலர். மாணவர்களின் உழைப்பால் அரங்குகள் நிறைகிற இடத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைப்பது நியாயம் என்றே நான் கருதுகிறேன். இங்கிருந்து மாணவர் விசாவில் செல்பவர்களுக்கு மட்டும் வேலை பற்றிய விசா விதிகள் தடையாக இருப்பதால், அவர்கள் எந்த ஒப்பந்தத்துக்கும் முன் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கேட்க வேண்டும்.

கேள்வி (வாசகி, சென்னை): இப்போதெல்லாம் பயிற்சியாளர்கள் பள்ளி மாணவர்களைத் தேடுவதே குறைந்துவிட்டதாமே?

பதில்: குறைந்துகொண்டு வருகிறது என்பதே என் வருத்தம். கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. மாற விரும்புவோர் பெயரைப் பதிந்துகொள்ளும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ 2018-இல் வந்தது. 2021-இல் ஒருமுறை காத்திருக்காமல் மாறலாம் என்றும், 2024-இல் படிப்பில் குறையில்லாதவர் எத்தனை முறையும் மாறலாம் என்றும் விதி தளர்ந்தது. இன்று வசந்தகாலம் தோறும் முதல் பிரிவு ஆடவரில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் பதிகிறார்கள். கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே தேறிய 22 வயது இளைஞர் கிடைக்கும்போது, மூன்றாண்டு காத்திருந்து வளர்க்க வேண்டிய 17 வயதுப் பிள்ளைக்கு ஏன் இடம் தர வேண்டும் என்று பயிற்சியாளர் எண்ணுகிறார். தோற்றால் அவருடைய வேலையே போய்விடும் என்பதால் அவரைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை. 2025-இல் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து என்.பி.ஏ.வின் முதல் தேர்வாகச் சென்ற கூப்பர் ஃப்ளாக் போன்றவர்களுக்கு என்றும் கதவு திறந்திருக்கும். இழப்பு, மெதுவாக மலரக்கூடிய பிள்ளைகளுக்குத்தான். மாறும் உரிமையை மாணவரிடமிருந்து பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியாளர் நினைத்த நாளில் வேறு கல்லூரிக்குப் போகலாம் என்றால் மாணவரும் போகலாம். ஆனால் ஒவ்வோர் அணியிலும் சில இடங்களைப் பள்ளியிலிருந்து நேரே வருபவர்களுக்கென ஒதுக்கலாம் என்ற யோசனையையாவது யாராவது தீவிரமாக எடுத்துப் பேச வேண்டும்.

கேள்வி (வாசகி, யாழ்ப்பாணம்): மகளிர் அணிகளுக்கும் இதே அளவு தேடல் உண்டா?

பதில்: உண்டு. அதற்கு நான் அறிந்ததிலேயே சிறந்த சான்று டென்னசி பல்கலைக்கழக மகளிர் அணியின் பயிற்சியாளராக இருந்த பேட் சம்மிட். 1990 செப்டம்பரில், நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த அவர், மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியின் வீட்டுக்கு, பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் சென்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பிரசவத்துக்கான அறிகுறி தொடங்கிவிட்டது. திரும்பும் வழியில் வர்ஜீனியாவில் விமானத்தை இறக்கிவிடலாம் என்று விமானிகள் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார்; அந்த ஆண்டுதான் வர்ஜீனியா அணி அவருடைய அணியைத் தேசியப் போட்டியிலிருந்து வெளியேற்றியிருந்தது, தம் பிள்ளை டென்னசி மண்ணில்தான் பிறக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மகன் டைலர் நாக்ஸ்வில்லில் பிறந்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் மார்சினியாக் தேர்ந்தெடுத்தது நோட்ரடேம் பல்கலைக்கழகத்தை. ஓராண்டு அங்கே ஆடிவிட்டு, அன்றைய விதிப்படி அடுத்த ஆண்டு முழுவதும் ஆடாமல் காத்திருந்து, டென்னசிக்கு வந்து சேர்ந்தார். 1996-இல் டென்னசி தேசிய வாகை சூடியபோது இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். சம்மிட் 38 ஆண்டுகளில் 1,098 ஆட்டங்களையும் எட்டுத் தேசியக் கோப்பைகளையும் வென்றார். அவரிடம் தம் ஆட்டக் காலத்தை முழுமையாக முடித்த மாணவியர் ஒருவர் விடாமல் பட்டம் பெற்றார்கள்.